கம்பத்து வீட்டுச் சாமான்: வாசகர் கேள்வி – பதில்

1950களின் சிங்கப்பூர்க் கம்பத்து (கிராமத்து) வீடு பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்று கேட்டவர்கள் குறைவு. ‘வீட்டில் இது கிடக்கிறது, இதை என்ன செய்வது?’ என்று கேட்டவர்கள்தான் அதிகம். எங்களுக்கும் அதுவே வசதி. பதில் சொல்ல ஏதாவது கையில் பிடித்துக்கொள்ளக் கிடைக்கிறது.

கேள்வி: எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் கம்பத்து வாழ்க்கைக் கண்காட்சி நடக்கப்போகிறது. தாத்தா வைத்திருந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று வீட்டில் இருக்கிறது. பித்தளை இன்னும் பளபளக்கிறது. அன்றைக்கு அதை ஏற்றிக் காட்ட ஆசை. எப்படி ஏற்றுவது? (செம்பவாங் வாசகர்)

பதில்: வெளியே பளபளப்பதை நம்பாதீர்கள். காற்றழுத்தம் தாங்கவேண்டியது தொட்டி. அதனால் எண்ணெய் ஊற்றுவதற்கு முன்பே அதைச் சோதியுங்கள். மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். துரு செதில் செதிலாக உரிந்து கிடந்தால் விளக்கை அலமாரியில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் வெறும் தொட்டியில் பத்துப் பதினைந்து தடவை பம்பு அடித்து, எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கே கசிவு. பெரும்பாலும் மூடியின் ரப்பர் வாஷர்தான் கட்டையாகிப் போயிருக்கும். புதிதாக மாற்றிவிடலாம்.

பம்பு அடித்தால் காற்றே ஏறவில்லையா? பம்புத் தண்டின் அடியில் இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தையல் மெஷின் எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, ஓரத்தை விரலால் விரித்துவிட்டு மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாகிவிடும். காற்று ஏறுகிறது, ஆனால் பம்புத் தண்டு தானாக மேலே எழும்பி வருகிறது என்றால் கோளாறு வேறு இடத்தில்: பம்புக் குழாயின் அடியில் உள்ள வால்வு காற்றைத் திருப்பி விடுகிறது. அதற்குள் இருக்கும் சிறு ரப்பர் பொட்டை மாற்றவேண்டும்.

இனி ஏற்றுவது. தொட்டியில் முக்கால் பங்கு மண்ணெண்ணெய், அதுவும் துணியில் வடிகட்டியது. கால் பங்கு காற்றுக்கு இடம். பெட்ரோல் ஒரு சொட்டுக்கூடக் கலக்கக்கூடாது, அது விளக்கை வெடிகுண்டாக்கிவிடும். புது மேண்டிலை (ஒளிரும் வலைப் பை) சுடர் வரும் பீங்கான் முகப்பில் சுருக்கம் எல்லாப் பக்கமும் சமமாக விழும்படி கட்டி, மிச்ச நூலை நறுக்கிவிடுங்கள். அடியில் இருக்கும் சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட் நிரப்பிக் கொளுத்துங்கள். இந்தச் சூட்டில்தான் குழாயில் வரும் மண்ணெண்ணெய் ஆவியாக வேண்டும். ஒன்றரை, இரண்டு நிமிடம் பொறுங்கள். காற்று வீசும் இடமானால் இன்னொரு கிண்ணம் ஊற்றுங்கள். ஆனால் முதல் சுடர் முழுக்க அணைந்து கிண்ணம் ஆறிய பிறகுதான். எரிகிற சுடரில் ஸ்பிரிட் ஊற்றியவர்களின் புருவம்தான் முதலில் போகும்.

ஸ்பிரிட் தீரும் தறுவாயில் காற்றுத் திருகை மூடி, அழுத்த மீட்டரின் சிவப்புக் கோடுவரை பம்பு அடித்து, குமிழைத் திறவுங்கள். சீறல் சத்தம் கேட்கும், மேண்டில் வெளுத்து ஒளிரும். மஞ்சள் சுடர் பொங்கிப் புகை கிளம்பினால் குழாய் போதிய அளவு சூடாகவில்லை. எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே வருகிறது. உடனே காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். ஆறவிட்டு ஸ்பிரிட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள். புதிதாக ஏற்றுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், அவசரத்தால். வெளிச்சம் விட்டு விட்டு வந்தால் நிப்பிளில் (எண்ணெய் ஆவி வெளிவரும் சிறு துளை) அடைப்பு. குமிழை ஒரு முழுச் சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் ஊசி துளைக்குள் போய்வந்து அடைப்பை நீக்கிவிடும்.

மேண்டில் ஒருமுறை எரிந்துவிட்டால் அது வெறும் சாம்பல் கூடுதான். விரல் பட்டால் உதிரும், காரில் ஏற்றினாலும் உதிரும். ஆகவே வீட்டில் ஒத்திகை பார்த்தாலும் கண்காட்சி அன்று அங்கே போய் வேறொன்றைக் கட்டுங்கள். ஓட்டை விழுந்த மேண்டிலோடு எரியவிடாதீர்கள். ஓட்டை வழியாக வரும் சுடர் ஒரே இடத்தில் பட்டுக் கண்ணாடி தெறித்துவிடும். பழைய மேண்டில்கள் பெட்டியோடு கிடைத்தால் பயன்படுத்த வேண்டாம். அவற்றில் தோரியம் என்ற லேசான கதிரியக்கப் பொருள் சேர்த்திருப்பார்கள். அந்தத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது.

இவ்வளவும் திறந்தவெளிக்குத்தான். மண்டபத்துக்குள் ஏற்ற மன்ற நிர்வாகம் சம்மதிக்காது, சம்மதிக்கவும் கூடாது. உள்ளே வைப்பதானால் கண்ணாடிக்குள் சின்ன எல்இடி விளக்கைப் பொருத்திவிட்டு, பம்பு, நிப்பிள், ஸ்பிரிட் கிண்ணம் மூன்றையும் பக்கத்தில் கழற்றி வையுங்கள். பிள்ளைகள் அதைத்தான் நின்று பார்ப்பார்கள்.

கேள்வி: மாமியாரின் பழைய சமையல் நோட்டில் மாங்காய் ஊறுகாய்க்கு இப்படி இருக்கிறது: ‘மாங்காய் 3 கட்டி, உப்பு 8 தாகில், மிளகாய்த்தூள் 4 தாகில், வெல்லம் 1 கட்டி, நல்லெண்ணெய் கால் சுப்பாக்.’ மாங்காயில் ஏது கட்டி? கிராமில் சொல்ல முடியுமா? (ஈசூன் வாசகி)

பதில்: மாங்காயில் வருகிற கட்டி நம் தமிழ்க் கட்டி அல்ல, மலாய்க்காரர்களும் சீனர்களும் நம்மவர்களும் சந்தையில் பேசிய எடை. டாச்சிங் என்ற தூக்குக் கோலில் நிறுத்துக் கொடுப்பார்கள். 16 தாகில் சேர்ந்தால் ஒரு கட்டி, 100 கட்டி சேர்ந்தால் ஒரு பிக்கல். கிராமில் ஒரு கட்டி 604.8, ஒரு தாகில் 37.8. கேன்டாங், சுப்பாக் இரண்டும் முகத்தல் அளவு: ஒரு கேன்டாங் 4.55 லிட்டர், அதில் கால் ஒரு சுப்பாக்.

ஆக உங்களுக்கு மாங்காய் 1.8 கிலோ, உப்பு 300 கிராம், மிளகாய்த்தூள் 150 கிராம், நல்லெண்ணெய் 285 மில்லி.

வெல்லத்தில்தான் வேடிக்கை. அது 600 கிராமா, அல்லது நிஜமாகவே ஒரு கட்டி வெல்லமா? உப்பையும் மிளகாய்த்தூளையும் தாகில் கணக்கில் நுணுக்கமாக எழுதியவர், வெல்லத்தையும் நிறுத்திருந்தால் தாகிலில்தான் எழுதியிருப்பார். 600 கிராம் போட்டால் அது ஊறுகாய் இல்லை, மாங்காய் ஜாம். காரத்தைத் தணிக்க ஒரு துண்டு போட்டிருக்கிறார் என்பதே எங்கள் தீர்ப்பு. 50 கிராமில் தொடங்குங்கள்.

உப்பைப் பார்த்துப் பயந்து குறைத்துவிடாதீர்கள். மாங்காயின் எடையில் ஆறில் ஒரு பங்கு உப்பு என்பது நம் ஊர் ஈரக்காற்றுக்குச் சரியான கணக்கு. இதைப் பாதியாக்கிவிட்டு, ‘பூஞ்சை பிடிக்கிறதே’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. கல்லுப்பானாலும் தூளுப்பானாலும் தராசில் நிறுங்கள். கரண்டியால் அளந்தால் கல்லுப்பு இடைவெளி விட்டு நிற்பதால் எடை குறைந்துவிடும். மாங்காயைக் கழுவி, துணியால் துடைத்து, காற்றாட விட்டு, ஈரம் போன பிறகே நறுக்குங்கள். உப்பில் மூன்று நாள் ஊறட்டும், நாளுக்கு இரண்டு தடவை குலுக்கிவிடுங்கள். பிறகு வெயில். எண்ணெயைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து ஊற்றுங்கள். எண்ணெய் மட்டம் எப்போதும் மாங்காய்க்கு மேலே நிற்கவேண்டும். மேலே துருத்திக்கொண்டு நிற்கும் துண்டில்தான் முதல் பூஞ்சை பூக்கும்.

நோட்டின் அடுத்த பக்கங்களில் ‘1 பால் டின் அரிசி’ என்று இருந்தால், இனிப்புப் பால் டின்னைத்தான் சொல்கிறார். அரிசி தலைதட்டினால் ஏறத்தாழ 250 கிராம். அதே காலி டின்னின் வாயில் கயிறு கட்டித்தான் காப்பிக்கடையில் காப்பி ஊற்றிக் கொடுப்பார்கள்.

கேள்வி: பாட்டி வீட்டில் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள், எறும்பு ஏறாது. நானும் அப்படிச் செய்யலாமா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: செய்யாதீர்கள். கம்பி வலை போட்ட அந்த அலமாரிக்கு அடியில் இருந்த கிண்ணங்களில் எறும்பு நின்றது, கொசு வளர்ந்தது. விவரம் தெரிந்தவர்கள் தண்ணீர் மேல் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டார்கள். எண்ணெய்ப் படலம் மூச்சுவிடும் வழியை அடைத்துப் புழுவைக் கொல்லும். விடாதவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாளில் கொசு. ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கிண்ணத்தின் ஓரத்தில் முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும், பல மாதம் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். வீட்டில் கொசு வளர விடுவதைக் குற்றமாக்கிய சட்டம் 1968இல் வந்தது, இன்றும் அதிகாரிகள் வந்தால் இப்படிப்பட்ட கிண்ணங்களைத்தான் முதலில் குனிந்து பார்ப்பார்கள். அலமாரிக் காலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வாசலின் தடவிவிடுங்கள். வாரம் ஒருமுறை துடைத்துப் புதிதாகத் தடவவேண்டும். தூசி படிந்துவிட்டால் எறும்பு அதன்மேல் பாலம் போட்டுக்கொண்டு ஏறிவிடும். தண்ணீர்க் கிண்ணத்திலும் இதே கதைதான்.

கேள்வி: என் தாத்தாவின் கல்யாண மொய் நோட்டு கிடைத்திருக்கிறது. பேர்கள் புரிகின்றன. ஆனால் தொகை இருக்கவேண்டிய இடத்தில் ‘ரு’, ‘ய’, ‘உ’ என்று எழுத்துகள். முதல் பக்கத்தில் ‘விஜய ௵ தை ௴ ௰௪ ௳’ என்று இருக்கிறது. பல வரிகளில் ‘௸’ என்று ஒரு குறி. இதை எப்படிப் படிப்பது? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: அவை எழுத்துகள் அல்ல, தமிழ் எண்கள். எழுத்து மாதிரியே இருப்பதால் குழப்பம். ‘க’ மாதிரி இருப்பது ௧ (1), ‘உ’ மாதிரி ௨ (2), ‘ச’ மாதிரி ௪ (4), ‘ரு’ மாதிரி ௫ (5), ‘சு’ மாதிரி ௬ (6), ‘எ’ மாதிரி ௭ (7), ‘அ’ மாதிரி ௮ (8), ‘கூ’ மாதிரி ௯ (9). மிச்சம் இருப்பது ௩ (3), அது ‘ங’ சாயலில் இருக்கும். ‘ய’ மாதிரி ௰ என்றால் 10, ௱ என்றால் 100, ௲ என்றால் 1000.

பழைய முறையில் சுழியம் கிடையாது. வாயால் சொல்வது போலவே எழுதுவார்கள். ௨௰௫ என்றால் இரண்டு பத்து, ஐந்து: 25. ௰௨ என்றால் 12. ௱௨௰ என்றால் 120. ஆனால் அந்தத் தலைமுறையில் சிலர் பாதி பழையதும் பாதி புதியதுமாக ௨௫ என்று எழுதி 25ஐக் குறித்தார்கள். ஒரு பக்கத்தில் எந்த முறை என்று முடிவுசெய்ய, அடியில் இருக்கும் கூட்டுத் தொகையோடு ஒட்டிப் பாருங்கள். கூட்டும்போது பக்கத்தின் உச்சியில் நடுவாக இருக்கும் ‘உ’வை 2 என்று சேர்த்துவிடாதீர்கள், அது பிள்ளையார் சுழி.

௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். ௸ என்றால் மேற்படி, மேல் வரியில் உள்ள அதே ஊர் அல்லது அதே ஆள். ஊர்ப் பத்தியில் ௸ வரிசையாக வந்தால் ஒரே இடத்திலிருந்து ஒரு கூட்டமே வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்களைத் தேடுகிறவர்களுக்கு மொய்த் தொகையைவிட அந்த வரிசைதான் உபயோகம்.

விஜய வருடம் 1953 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1954 ஏப்ரல் நடுவில் முடிந்தது. தை 14 என்றால் 1954 ஜனவரி 27ஐ ஒட்டி வரும், பஞ்சாங்கத்தைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் இருக்கலாம். தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும், அடுத்த விஜய 2013இல்தான் வந்தது. எனவே உங்கள் தாத்தாவின் கல்யாணம் 1954 என்பதில் சந்தேகமில்லை. தொகையோடு ‘வெ.’ என்று போட்டிருந்தால் அது வெள்ளி. சிங்கப்பூர் வெள்ளி 1967இல்தான் வந்தது. 1954இல் கைமாறியது மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ வெள்ளி.

நோட்டை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். டேப்பின் பசை சில ஆண்டில் மஞ்சளாகி மையைத் தின்றுவிடும். ஸ்டேப்பிள் துருப்பிடித்திருந்தால் பின்பக்கக் கால்களை மெல்லிய கத்தியால் நிமிர்த்திக் கழற்றிவிட்டு, பருத்தி நூலால் கட்டுங்கள். பக்க எண் போடுவதானால் பென்சில். சன்னல் பக்கம் வெயில் நேராக விழாத வெளிச்சத்தில், மேலிருந்து நேர்கோட்டில், ஓரத்தில் ஒரு அடிக்கோலையும் வைத்துப் படம் எடுங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜெல்லை மாற்றவேண்டும். மாற்ற மறந்தால் டப்பாவுக்குள்ளேயே ஈரம் நின்று, வெளியே கிடந்ததைவிட மோசமாகும்.

கேள்வி: கொள்ளுத்தாத்தாவுக்கு வந்த கடித உறையில் ‘புக்கிட் தீமா ரோடு, ஏழாங்கட்டை’ என்று முகவரி. கட்டை என்பது கம்பத்தின் பெயரா? அந்தக் காலத்துச் செய்தி ஏதாவது கிடைக்குமா? (புக்கிட் பாத்தோக் வாசகி)

பதில்: கட்டை என்பது மைல்கல். மலாய்க்காரர்கள் ‘பத்து’ (batu, மலாயில் கல்) என்றதை நம்மவர்கள் கட்டை என்றார்கள். நகரத்துப் பெரிய தபால் நிலையத்திலிருந்து, அதாவது இன்று ஹோட்டலாக இருக்கும் ஃபுல்லர்ட்டன் கட்டடத்திலிருந்து, சாலை வழியாக எண்ணிய மைல். ஏழாங்கட்டை என்பது 11.3 கிலோமீட்டர். அங்கேதான் பியூட்டி வோர்ல்ட் வட்டாரம். பத்தாங்கட்டை புக்கிட் பாஞ்சாங். இடையில் இருந்தால் ஏழரைக் கட்டை என்பார்கள். இன்றைய வரைபடத்தில் அளக்கும்போது பறவை பறக்கிற தூரத்தை அளந்தால் தப்பான இடத்துக்குப் போவீர்கள். புக்கிட் தீமா சாலையோடு ஒட்டியே அளந்து வாருங்கள். சாலைகளை நேராக்கியிருப்பதால் சற்று முன்பின் வரும்.

பெயர்களும் மாறியிருக்கின்றன. பழைய தாளில் ‘நீ சூன்’ என்று இருப்பது இன்றைய ஈசூன், ஒரே சீனப் பெயரின் இரண்டு உச்சரிப்பு. ‘நேவல் பேஸ்’ என்றால் செம்பவாங் கடற்படைத் தளத்தை ஒட்டிய குடியிருப்பு.

செய்திக்குத் தமிழ் முரசு நாளிதழைப் பாருங்கள், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கியது. பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தேடலாம். பேரைத் தட்டித் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பழைய அச்சில் ‘லை’, ‘ணை’, ‘றா’ போன்றவை கொம்பும் சுழியுமாக வேறு வடிவத்தில் இருக்கும், மங்கிய தாளில் கணினி அவற்றைத் தப்பாகவே படிக்கும். தமிழ்நாட்டில் 1978இல் மாறிய பிறகுதான் இன்றைய வடிவங்கள் பரவின. ஆகவே ஊர்ப் பெயரை மூன்று நான்கு விதமாக எழுதித் தேடுங்கள். அதிலும் அகப்படாவிட்டால் தேதியைப் பிடியுங்கள்: பொங்கல், தீபாவளி, தைப்பூசம் வரும் இரண்டு வாரம், 1952 முதல் கொண்டாடப்பட்ட தமிழர் திருநாள் சமயம். கம்பத்துச் சங்கங்களின் கூட்டம், நாடகம், விளையாட்டுப் போட்டி எல்லாம் அப்போதுதான் செய்தியாகும். நிகழ்ச்சி நடந்த நாளின் தாளில் இருக்காது. அறிவிப்பு முன்னால், செய்தி சில நாள் கழித்து.

கேள்வி: ரீடிஃபியூஷன் பெட்டி ஒன்று மாமா வீட்டில் கிடைத்தது. பாட வைக்க முடியுமா? (கேலாங் வாசகர்)

பதில்: பாட வைக்கலாம். ஆனால் அது வானொலி இல்லை. 1949இல் தொடங்கிய அந்த நிறுவனம் வீட்டுக்கு வீடு கம்பி இழுத்து நிகழ்ச்சியை அனுப்பியது, மாதம் 5 வெள்ளி. உங்கள் பெட்டியில் முக்கியமாக இருப்பது ஒரு ஸ்பீக்கர், ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். ஸ்டேஷன் மாற்றும் முள்ளைத் தேடவேண்டாம். கம்பி எட்டாத உள் கம்பங்களில் பாட்டரியில் ஓடும் வால்வு ரேடியோதான்.

அதன் வயரை வீட்டு மின்சாரப் பிளக்கில் செருகிவிடாதீர்கள். பின்பலகையைக் கழற்றி, ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வயரை எடுத்துவிடுங்கள். வெட்டவேண்டாம், சூட்டுக்கோலால் எடுத்து, எந்த வயர் எங்கே இருந்தது என்று காகிதம் கட்டி வையுங்கள். மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 2.5 காட்டினால் அது 3 ஓம் ஸ்பீக்கர், 6 காட்டினால் 8 ஓம். அதைத் தாங்கும் 5 வாட் புளூடூத் ஆம்ப்ளிஃபயர் போதும், இதற்கு மேல் கொடுத்தால் பழைய காகிதக் கூம்பு கிழியும். ஏற்கெனவே கீறல் இருந்தால், டிஷ்யூ தாளைக் கிழித்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, இரண்டு பக்கமும் ஒட்டிக் காயவிடுங்கள். கத்தரியால் வெட்டிய ஓரம் தனியாகத் தூக்கி நின்று அதிரும், கையால் கிழித்த ஓரம் படிந்துகொள்ளும்.

கேள்வி: மூடியில் சேவல் உருவம் வைத்த கரி இஸ்திரிப்பெட்டி. இன்றும் பயன்படுமா? (தோ பாயோ வாசகி)

பதில்: பயன்படும், ஆனால் வெளியே மட்டும். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு, வாசனையே தெரியாது. சிரட்டைக் கரியைத் தனியே கனலாக்கி, புகை நின்ற பிறகு பெட்டியில் பாதிக்கு மேல் போடாமல் மூடுங்கள். அடிப்பாகத்தை முதலில் வாழையிலை மேல் இரண்டு தடவை இழுங்கள். கரியும் துருவும் அதில் ஒட்டிக்கொள்ளும், இலையில் இருக்கும் மெழுகு ஏறி இரும்பு வழுக்கிக்கொண்டு ஓடும். இலை சட்டென்று கருகினால் இன்னும் ஆறவேண்டும். வெள்ளை வேட்டி என்றால் பக்கத்துத் துளைகளிலிருந்து சாம்பல் பறக்கும், ஊதிவிட்டுத் துணிமேல் வையுங்கள். சேவலைப் பிடித்துத் தூக்காதீர்கள், அது மூடியின் கொண்டி. மரக் கைப்பிடிதான் தூக்குவதற்கு.

கேள்வி: பள்ளித் திட்டப்பணிக்காக அத்தாப்பு வீட்டு மாதிரி செய்கிறேன். கூரையில் தென்னங்கீற்றா போட்டார்கள்? மழை ஒழுகாதா? ஏன் அவ்வளவு சீக்கிரம் தீப்பிடித்தது? (அங் மோ கியோ மாணவி)

பதில்: தென்னை இல்லை, சதுப்பு நிலத்தில் வளரும் நீப்பா. அதன் நீண்ட இலைகளை ஒரு குச்சியின் மேல் மடித்துப் போட்டு, பிரம்பு நாரால் வரிசையாகத் தைப்பார்கள். அப்படித் தைத்த ஒரு துண்டுதான் ஒரு அத்தாப்பு. இவற்றைக் கூரையின் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். மேலிருக்கும் துண்டு கீழிருக்கும் துண்டின் பெரும்பகுதியை மூடும். மேலிருந்து தொடங்கிக் கட்டினால் தண்ணீர் ஒவ்வொரு இணைப்பிலும் உள்ளே போகும். கூரை 45 டிகிரியை ஒட்டிச் சரிவாக இருக்கவேண்டும். தண்ணீர் நிற்க நேரம் கிடைத்தால் இலை மக்கும். ஒழுகினால் கூரை முழுவதையும் பிரிக்கமாட்டார்கள். உள்ளே நின்று வெளிச்சம் தெரியும் இடத்தைப் பார்த்து, மேல் துண்டைச் சற்றுத் தூக்கி, புது அத்தாப்பை அடியிலிருந்து செருகிக் கட்டுவார்கள். அடுப்புப் புகை படும் சமையலறைக் கூரையைப் பூச்சி அவ்வளவாக அண்டாது.

உலர்ந்த இலை, மரச்சுவர், மண்ணெண்ணெய் அடுப்பு, ஒன்றை ஒன்று தொடும் வீடுகள், வண்டி நுழையாத சந்துகள். அதனால்தான் தீ தாவியது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் அன்று புக்கிட் ஹோ சுவீயில் பிடித்த தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். தகரக் கூரை போட்ட வீடுகளும் இருந்தன. மழைச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது, உச்சி வெயிலில் உள்ளே உட்கார முடியாது. ஆனால் தீப்பொறி விழுந்தால் தகரம் பற்றாது.

மாதிரிக்கு நீப்பா தேடி அலையவேண்டாம். பழுப்புக் காகிதத்தை 6 சென்டிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டி, ஓர் ஓரத்தைப் பல்குத்தும் குச்சியின் மேல் மடித்து ஒட்டுங்கள். மறு ஓரத்தில் நெருக்கமாகக் கத்தரித்துவிடுங்கள். கீழ் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பட்டையும் கீழ்ப்பட்டையைவிட ஒன்றரை சென்டிமீட்டர் மட்டும் மேலே தள்ளி இருக்கும்படி ஒட்டிக்கொண்டு போங்கள். உச்சியில் இரண்டு பக்கமும் மடிந்து விழும்படி ஒரு தனிப்பட்டை. ஈரப்பசையில் காகிதம் சுருளும், ஒவ்வொரு வரிசையும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. ஆகவே ஒப்படைக்கும் நாளுக்கு முந்திய இரவில் கூரையை ஆரம்பிக்காதே, கண்ணு.